நோர்டுஃபியெல்லா மலைக்கு எந்த மானைக் கொண்டுவருவது?

நார்வேயின் தென்பகுதியில், ஓஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் நடுவே நோர்டுஃபியெல்லா என்றொரு மலைப்பரப்பு இருக்கிறது. 2016 மார்ச்சில் அங்கே காட்டுத் துருவமான்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டுவதற்காக ஹெலிகாப்டரில் போனவர்கள், ஒரு பெண் மான் நோயுற்றுக் கிடப்பதைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது செத்துப்போனது. உடலைச் சோதித்த நார்வே கால்நடை மருத்துவ நிறுவனம், வட அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக மான்களைக் கொன்றுவரும் மெலிவு நோய் அது என்று சொன்னது. சி.டபிள்யூ.டி. என்ற பெயரில் செய்திகளில் வருவது இதுதான். ஐரோப்பாவில் அந்த நோய் தென்பட்டது அதுவே முதல் தடவை. துருவமானுக்கு, அதாவது ரெயின்டீருக்கு, அது இயற்கையாக வந்து பார்த்ததும் உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

இந்த நோய்க்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. பிரியான் என்ற உருமாறிய புரதம்தான் இதைப் பரப்புகிறது. மண்ணில் விழுந்தால் பல ஆண்டுகள் வீரியம் குறையாமல் கிடக்கும். ஆட்டுக்காரர்கள் மேய்ச்சலில் வைக்கும் உப்புக்கட்டிகளைச் சுற்றி மான்களும் கூடுவதால் அந்த இடங்களெல்லாம் தொற்று மையங்களாகிவிடும். ஆகவே அரசு கடுமையான முடிவை எடுத்தது. நோர்டுஃபியெல்லாவின் வடபகுதியில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மான்களை ஒன்று விடாமல் சுட்டுவிடுவது. முதலில் வேட்டைக்காரர்கள், அப்புறம் அரசின் துப்பாக்கிக்காரர்கள். 2018 மே தொடங்கும்போது மலை காலியாகிவிட்டது. மொத்தம் 19 மான்களில் நோய் உறுதியானது. குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது மலையை வெறுமனே போட்டுவைக்க வேண்டும், அதன்பின் மான்களை மீண்டும் குடியேற்றலாம் என்பது திட்டம்.

சரி, எந்த மானை?

மான் மான்தானே, அகப்பட்டதைப் பிடித்து விட வேண்டியதுதானே என்று தோன்றும். நார்வேயில் அது அவ்வளவு லேசில்லை. வட ஸ்காண்டிநேவியாவின் பழங்குடிகளான சாமி மக்களும் வேறு சில கூட்டுறவு அமைப்புகளும் மேய்க்கும் வளர்ப்பு மான்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். காட்டு மான்கள் குளிர்காலக் கணக்கில் சுமார் 25,000. இரண்டும் ஒரே இனம், ஒரே துணையினம். பக்கத்தில் நிறுத்தினால் பழக்கமில்லாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சேர்ந்தால் குட்டி போடும், அந்தக் குட்டியும் குட்டி போடும். ஆனால் மரபணுவைப் பிரித்துப் பார்த்தால் இவை இரண்டு வெவ்வேறு ஊரிலிருந்து வந்த குடும்பங்கள்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியது க்னுட் ரோயெட் தலைமையிலான நார்வே ஆய்வுக் குழு. தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை வைத்து 2008இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, யூரேசியாவில் துருவமானை மனிதர் பழக்கியது ஒரே இடத்தில் நடந்ததில்லை, தனித்தனியாக நடந்தது என்றது. தென் நார்வே மலைகளின் காட்டு மான்களிடம் உள்ள பல தாய்வழிகள் வளர்ப்பு மந்தைகளில் தென்படவே இல்லை. அதாவது வளர்ப்பு மான்கள் அந்த மலைகளில் பிடித்துப் பழக்கியவை இல்லை. பின்னர் 2018இல் வந்த இன்னொரு ஆய்வில், வட நார்வேயின் ஃபின்மார்க்கில் தோண்டியெடுத்த பழைய எலும்புகளைப் பார்த்தார்கள். இடைக்கால எலும்புகளில் இருந்த தாய்வழிகள் பிற்கால எலும்புகளில் பெரும்பாலும் காணாமல் போய், வேறு வகை வந்து உட்கார்ந்திருக்கிறது. மந்தை மேய்ப்பு பரவியபோது, உள்ளூர் மானைப் பழக்கியதைவிட வெளியிலிருந்து ஓட்டிவந்த மான்களே பெருகியிருக்கின்றன.

இந்தப் பின்னணியில் தென் நார்வேயின் காட்டு மான்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். டோவ்ரெ, ரொண்டானெ மலைகளில் இருப்பவை பழைய காட்டு வம்சத்தைப் பெரும்பாலும் காப்பாற்றி வைத்திருப்பவை. ஹார்டாங்கர்விட்டா பீடபூமியிலும் காலியான நோர்டுஃபியெல்லாவிலும் இருந்தவை கலப்பு. கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் அங்கே வளர்ப்பு மந்தைகள் மேய்ந்திருக்கின்றன, தப்பிய மான்கள் காட்டுக் கூட்டத்தோடு சேர்ந்திருக்கின்றன. மூன்றாவது வகை, ஃபொரொல்ஹொக்னா, ஒட்டாடாலென், நோரெஃபியெல் போன்ற இடங்களில் இருப்பவை. இவற்றின் பாட்டன்மார் வளர்ப்பு மான்கள். மேய்ப்பவர் கைவிட்டோ, தப்பியோ காட்டுக்குப் போய், இன்று சட்டப்படி காட்டு மானாகவே எண்ணப்பட்டு வேட்டையாடப்படுகின்றன.

ஆக, காலி மலையை நிரப்ப நான்கு வழி இருக்கிறது. பக்கத்து மலையின் வளர்ப்பு மந்தையிலிருந்து மான்களை வாங்கி விடலாம். மேலே சொன்ன மூன்றாம் வகையைக் கொண்டுவரலாம். ஹார்டாங்கர்விட்டா பக்கத்திலிருந்து தானாக வருவதற்கு விட்டுவிடலாம். அல்லது டோவ்ரெ, ரொண்டானெவிலிருந்து பிடித்துவரலாம்.

முதல் வழியை நீளப் பேச வேண்டியதில்லை. நோர்டுஃபியெல்லாவை ஒட்டியே ஃபிலெஃபியெல் மலையில் கூட்டுறவு முறையில் வளர்ப்பு மந்தை இருக்கிறது. பட்டியில் அடைத்துப் பழகிய மான்கள், லாரியில் ஏற்றலாம், ரத்தம் எடுத்துச் சோதிக்கலாம், செலவும் குறைவு. வசதி என்று பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் கிடையாது. ஆனால் வளர்ப்பு மந்தையில் எந்த ஆணைப் பொலிக்கு விடுவது, எதைக் காயடிப்பது, எந்தக் குட்டியை இலையுதிர் காலத்தில் கறிக்கு அனுப்புவது என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு மனிதர் கத்தியோடு நின்று தீர்மானிக்கிறார். பட்டிக்குள் குட்டிகளைச் சுழலவிட்டு, சுருக்குக் கயிற்றால் பிடித்து, காதோரத்தில் உரிமையாளரின் வெட்டுக்குறியைப் போட்டு விடுவார்கள். எகிறிக் குதித்துக் காலை ஒடித்துக்கொள்ளும் மானுக்கு அந்த உலகத்தில் இடமில்லை. பல நூறு ஆண்டுகள் இப்படி வடிகட்டி வந்த மானை ‘காட்டு மான்’ என்று பெயரிட்டு அவிழ்த்துவிடுவதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. நார்வே ஐரோப்பாவின் கடைசிக் காட்டு மலைத் துருவமான்களுக்குப் பொறுப்பு என்று சொல்லிக்கொள்ளும் நாடு. அந்தப் பேச்சுக்கும் இதற்கும் ஒட்டாது.

இரண்டாவது வழியைத் தள்ளுவது அவ்வளவு சுலபமில்லை. ஃபொரொல்ஹொக்னா மான்கள் நன்றாக விளைந்த மான்கள். உடல் எடை நல்லது, குட்டி ஈனுவதும் அதிகம். நோரெஃபியெல் மான்களும் அப்படித்தான். வேட்டைக்காரர்களிடம் கேட்டால், இதைவிட என்ன வேண்டும் என்பார்கள். பல தலைமுறை காட்டில் வாழ்ந்துவிட்டதே, இன்னும் எதற்கு அதைப் பட்டிமான் என்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐஸ்லாந்தில் இன்று ஓடும் மான்கள் எல்லாமே 18ஆம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்து கப்பலேறிய வளர்ப்பு மான்களின் வாரிசுகள். அங்கே அவற்றை யாரும் மேய்ப்பதில்லை, அவையும் செழிப்பாகவே இருக்கின்றன.

இதற்குப் பதில் சொல்லும் ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. ஐகில் ரைமர்ஸ் என்ற நார்வே விலங்கியலாளர் பல ஆண்டுகள் செய்த வேலை, செய்முறை வெகு எளிமையானது. ஓர் ஆள் திறந்தவெளியில் மான் கூட்டத்தை நோக்கி நேராக நடந்துபோவார். எத்தனை மீட்டரில் தலை தூக்கிப் பார்க்கின்றன, எத்தனை மீட்டரில் ஓட ஆரம்பிக்கின்றன, எவ்வளவு தூரம் ஓடி நிற்கின்றன என்று குறித்துக்கொள்வார். மேயும்போது ஒரு மான் எத்தனை முறை தலை தூக்குகிறது என்பதையும் எண்ணினார்கள். பழைய காட்டு வம்சத்து ரொண்டானெ மான்கள் தூரத்திலேயே கிளம்பிவிடும், அடிக்கடி சுற்றிலும் பார்க்கும். வளர்ப்பு வம்சத்து மான்கள் ஆளைக் கூடுதலாக நெருங்கவிடும், மேய்ச்சலில் மூழ்கியே இருக்கும். இத்தனைக்கும் அவற்றையும் ஆண்டுதோறும் வேட்டையாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மனித நடமாட்டம், வேட்டையின் கெடுபிடி ஆகியவையும் இந்தத் தூரத்தை மாற்றும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழக்கத்தையும் பிறவிக்குணத்தையும் கத்தரித்து எடுக்க முடியாது. ஆனாலும் பட்டியை விட்டு வந்து அத்தனை தலைமுறை ஆகியும் வித்தியாசம் மிஞ்சியிருக்கிறது என்றால், ரத்தத்தில் எதுவோ இருக்கத்தான் செய்கிறது.

அடுத்த கவலை, ஒரு கூட்டம் ஆரம்பத்தில் எத்தனை மான்களிலிருந்து பெருகியது என்பது. தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவுக்கு 1911இல் நார்வே திமிங்கில வேட்டைக்காரர்கள் கொண்டுபோன மான்கள் வெறும் பத்து. அந்தப் பத்திலிருந்தும் பின்னால் போன இன்னும் சிலதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் பெருகி, கடைசியில் தீவின் செடிகொடிகளைக் காப்பாற்ற அவற்றை மொத்தமாக அழிக்க வேண்டி வந்தது. ஆனால் அந்த ஆயிரங்களின் மரபணு வேறுபாடு குறைவு. தலை எண்ணிக்கையை வைத்துக் கூட்டத்தின் ஆரோக்கியத்தை எடை போடக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். வளர்ப்பு வம்சத்தில் பிறந்த சிறு கூட்டங்கள் பலவற்றுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. எடையும் குட்டிக் கணக்கும் அமோகமாக இருக்கும், உள்ளே சரக்கு ஒரே மாதிரி இருக்கும்.

இப்படி ஒருமாதிரியாக இருப்பது மெலிவு நோய் விஷயத்தில் நேரடி ஆபத்து. பிரியான் புரதத்தைத் தயாரிக்கும் மரபணுவுக்கு மான்களிடையே பல வடிவங்கள் உண்டு. எந்த வடிவம் இருக்கிறது என்பதைப் பொறுத்து நோய் தொற்றும் வாய்ப்பு கூடவோ குறையவோ செய்கிறது. சுட்ட நோர்டுஃபியெல்லா மான்களைச் சோதித்தபோதே இது தெரிந்தது. வம்சம், அழகு, பாரம்பரியம் எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், எங்கிருந்து மான் கொண்டுவந்தாலும் இந்த ஒரு மரபணுவைப் பார்க்காமல் கொண்டுவரக் கூடாது. காதில் ஒரு சின்னத் துண்டு திசு எடுத்தால் வம்சம், பிரியான் வடிவம் இரண்டையும் ஒரே மாதிரியில் பார்த்துவிடலாம். ஆனால் அதற்காக ‘நோய் தாங்கும்’ வடிவம் உள்ளதை மட்டும் பொறுக்கி எடுப்பதும் தப்பு. அப்படிச் செய்தால் வேறு வழியில் மறுபடியும் ஒருமாதிரியான கூட்டத்தைத்தான் உருவாக்குவோம். தவிர, குறைந்த வாய்ப்பு என்பது வராது என்ற உத்தரவாதமும் இல்லை.

இனி, உண்மையிலேயே முடிவெடுக்கக் கஷ்டமான இரண்டு வழிகள்.

ஹார்டாங்கர்விட்டா மான்களின் பக்க நியாயம் முதலில் கண்ணில் படுகிற அளவைவிட வலுவானது. ரோயெட் குழு 2014இல் பழைய எலும்புகளின் மரபணுவை இன்றைய மான்களோடு ஒப்பிட்டது. இடைக்காலத்தில் ஹார்டாங்கர்விட்டாவிலும் டோவ்ரெ பக்கத்திலும் மான்களைக் கூட்டம் கூட்டமாக மடக்கிக் கொன்றிருக்கிறார்கள், அந்த எலும்புக் குவியல்கள் இன்று ஆய்வாளர்களுக்குப் புதையல். அதில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, ஹார்டாங்கர்விட்டாவில் அண்மைக் காலத்தில் வளர்ப்பு மானின் ரத்தம் கலந்திருக்கிறது. இரண்டு, தென் நார்வேயின் காட்டு மான்கள் அந்தக் காலத்திலேயே ஒரே கூட்டமாக இருக்கவில்லை, பிரிந்து கிடந்தன.

இந்த இரண்டாவது விஷயத்தைப் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். டோவ்ரெ மானை நோர்டுஃபியெல்லாவில் விட்டால், பழைய நோர்டுஃபியெல்லா திரும்பி வந்துவிடாது. அது அங்கேயே பழகிய வம்சம் இல்லை, வெளியூர்க்காரன்தான். உள்ளூர் வம்சத்தின் மிச்சம் எங்காவது இருக்கிறதென்றால், அது கலப்படமாகத்தான், ஹார்டாங்கர்விட்டாவின் பெரிய கூட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஆகவே ‘சுத்தமான’ அசலூர் மானா, ‘கலந்த’ உள்ளூர் மானா என்பதே கேள்வி. சுத்தம் என்ற சொல்லை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லும் ஆட்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். தடுமாறுவது நல்லதே.

கலப்பு ஒரேயடியாகத் தீராத கறையா என்பதையும் கேட்க வேண்டும். அலாஸ்காவில் 1892 முதல் சைபீரியாவிலிருந்து வளர்ப்பு மான்களை இறக்கினார்கள். அங்குள்ள காட்டு மானான காரிபூவும் இதே இனம்தான். செவர்ட் தீபகற்பத்தில் 1990களில் காரிபூ கூட்டம் குளிர்காலத்தில் புகுந்து திரும்பும்போது ஆயிரக்கணக்கான வளர்ப்பு மான்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. மேய்ப்பவர்கள் ஓட்டாண்டியானார்கள். அப்படியென்றால் இன்று காரிபூவின் மரபணுவில் வளர்ப்பு மான் நிறைந்திருக்க வேண்டும். ஆனால் சோதித்தால் கொஞ்சம்தான் இருக்கிறது. வளர்ப்பு மான் அங்கே காரிபூவைவிடச் சில வாரங்கள் முந்திக் குட்டி போடும். கால் குட்டை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து, ஓநாய்க்கும் கரடிக்கும் தப்பி, சரியான இடத்தில் சரியான வாரத்தில் குட்டி போட வேண்டிய வாழ்க்கையில் அது தேறுவதில்லை.

தென் நார்வேயில் அந்த வடிகட்டி கிடையாது. மலை மேட்டில் ஓநாய்க் கூட்டம் இல்லை. சாலை, ரயில், அணைக்கட்டு, விடுமுறை வீடுகள் என்று குறுக்கே வந்து நீண்ட வலசையும் நின்றுபோனது. மேய்ப்பனின் கத்தியும் இல்லை, ஓநாயின் பல்லும் இல்லை, வேட்டைக்காரரின் அனுமதிச் சீட்டு மட்டும் இருக்கிறது. அதனால்தான் ஹார்டாங்கர்விட்டாவில் கலந்தது கலந்தபடி நிற்கிறது என்பது என் கணிப்பு. அலாஸ்காவைக் காட்டி, இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று நார்வேயில் சொல்வது செல்லாது. பின்லாந்துக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள். அவர்களுடைய காட்டுத் துருவமான் வேறு துணையினம், கால் நீளமானது. கைனு பகுதியில் அது வளர்ப்பு மானோடு கலந்துவிடாமல் இருக்க வளர்ப்புப் பகுதியின் எல்லையில் நீண்ட வேலியே போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் மேல் ஒரு நடைமுறைச் சிக்கல். 2020 செப்டம்பரில் ஹார்டாங்கர்விட்டாவில் சுட்ட எட்டு வயது ஆண் மானுக்கும் மெலிவு நோய் இருந்தது. 2022இல் அங்கே இன்னொன்று. இத்தோடு ஹார்டாங்கர்விட்டாவிலிருந்து மான் கொண்டுவரும் பேச்சு இப்போதைக்கு முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். கொண்டுவராமல் இருந்தால் மட்டும் போதாது, தானாக நடந்து வருவதையும் தடுக்க வேண்டும். ஹோலிலிருந்து ஆவுர்லாண்டு போகும் சாலைக்குத் தெற்கே நோர்டுஃபியெல்லாவின் இன்னொரு பகுதி இருக்கிறது, அதற்கும் தெற்கே ஹார்டாங்கர்விட்டா. மானுக்கு அந்தச் சாலை தாண்ட முடியாத தடையொன்றும் இல்லை.

டோவ்ரெ, ரொண்டானெ பக்கம் திரும்பினால் அங்கும் பணக்காரக் களஞ்சியம் ஒன்றும் இல்லை. டோவ்ரெ ரயில்பாதை 1921இல் வந்தது, பின்னர் ஈ6 நெடுஞ்சாலை பெருத்தது. ஒருகாலத்தில் உறவாடிக்கொண்டிருந்த கூட்டம் ஸ்னொஹெட்டா, க்னுட்ஷோ, ரொண்டானெ என்று துண்டு துண்டாகிவிட்டது. துண்டான சிறு கூட்டங்களில் மரபணு வடிவங்கள் தற்செயலாகவே உதிரும், யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. 2022இல் நாட்டின் முக்கியமான பத்துக் காட்டு மான் பகுதிகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் போட்டபோது ஒன்றுகூடப் பச்சை வாங்கவில்லை. அந்த மான்களைப் பிடிப்பதும் பெரிய வேலை. ஆளைக் கண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடுவது என்ற அதே அருமையான குணம், ஹெலிகாப்டரிலிருந்து மயக்க ஊசி போடும்போது உயிருக்கே உலையாகலாம். ஓடிக் களைத்த மானுக்கு மயக்க மருந்து ஆகாது.

அப்படியும் என் ஓட்டு டோவ்ரெ, ரொண்டானெ மான்களுக்கே. ஹார்டாங்கர்விட்டாவில் ஒளிந்திருக்கும் உள்ளூர் வம்சத்துக்கு ஹார்டாங்கர்விட்டாவே இருக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பெரிய காட்டு மலைத் துருவமான் கூட்டம் அது, அதைக் காப்பாற்றும் வேலையை நோர்டுஃபியெல்லாவின் தலையில் கட்ட வேண்டியதில்லை. டோவ்ரெ வம்சத்துக்கு வேறு வீடு இல்லை. அதன் எல்லாக் கூட்டங்களும் ஒரே பக்கத்தில், ஒரே மாதிரித் தொல்லைகளுக்கு நடுவே கிடக்கின்றன. நாளை அங்கே இதே மெலிவு நோய் வந்து, இதே போல் மொத்தக் கூட்டத்தையும் சுட வேண்டி வந்தால், வேறு எங்கும் மிச்சம் இருக்காது. நோர்டுஃபியெல்லா அதற்கு இரண்டாவது இருப்பிடமாகலாம். ஒரே கூட்டத்திலிருந்து எடுக்காமல், ஸ்னொஹெட்டா, க்னுட்ஷோ, ரொண்டானெ மூன்றிலிருந்தும் ஆண்டுக்குக் கொஞ்சமாக, சில ஆண்டுகள் தொடர்ந்து பிடித்துவந்தால், ரயில்பாதை பிரித்த உறவுகள் புதிய மலையில் மறுபடி சேரும். எந்தக் கூட்டத்தையும் ஒரேயடியாகச் சுரண்டியதாகவும் ஆகாது.

எதிர்காலத்தில், நோய் ஓய்ந்தபின், ஹார்டாங்கர்விட்டா மான் ஒன்று வடக்கே வந்து இந்தக் கூட்டத்தோடு சேர்ந்தால்? சேரட்டும். இரண்டும் காட்டில் பிறந்து காட்டில் தேறியவை, ஹார்டாங்கர்விட்டா மான்கள் முன்பும் அந்த வழியே போய்வந்தவை. அதற்குப் பயந்து நிரந்தர வேலி போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அவசரம் மட்டும் வேண்டாம். ஹார்டாங்கர்விட்டாவில் நோயின் நிலை தெரியாமல் ஆரோக்கியமான, கிடைத்தற்கரிய டோவ்ரெ மான்களைப் பக்கத்தில் கொண்டுபோய் விடுவது முட்டாள்தனம். மலை இன்னும் சில ஆண்டுகள் காலியாக இருந்தால் மான்கள் குளிர்காலத்தில் தின்னும் லைக்கன் பாசி தழைக்கும், வேறு நஷ்டமில்லை. உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கு இது கசக்கும், அவர்கள் ஏற்கெனவே எவ்வளவோ விட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

மான் விடுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை வடகிழக்கு எல்லையில் இருக்கிறது. ஃபிலெஃபியெல் மந்தையிலிருந்து வழிதவறி வரும் காதுக்குறி போட்ட மான்களைச் செப்டம்பர் கடைசியில் இணைசேரும் பருவம் தொடங்குமுன் திருப்பி ஓட்டவோ சுடவோ தெளிவான ஏற்பாடும், அதற்கு மந்தை உரிமையாளர்களின் சம்மதமும், இழப்பீட்டுத் தொகையும் எழுத்தில் இருக்க வேண்டும். புதிதாக விட்ட சிறு கூட்டத்தில் பெண் மான்கள் கொஞ்சமாகவும் ஆண்கள் இளசாகவும் இருக்கும் முதல் சில இலையுதிர் காலங்களில், பக்கத்து மந்தையின் கொழுத்த ஆண் ஒன்று உள்ளே வந்தால், ஒரே பருவத்தில் அந்த ஆண்டுக் குட்டிகளில் பாதிக்கு அதுவே தகப்பனாகிவிடலாம்.